இன்னும் நாற்பது நிமிஷம்

குவோபியோவில், பல் மருத்துவருக்கு மேல்மாடி.
பதினொரு ஊசிக்குத்து, பிறகு ஒரு மஞ்சள் தாள்:
நான்கு மணி நேரம் படுக்காதீர்கள், குனியாதீர்கள்,
நெற்றியைத் தேய்க்காதீர்கள்.
நாளை மாலைவரை சௌனா வேண்டாம்.

சனிக்கிழமை சௌனா வேண்டாமென்று சொல்ல
இந்த நாட்டில் ஒரு தாளுக்குத் துணிச்சல்.

"சளி" என்றேன்.
எய்னோ நம்பிவிட்டான்.
முப்பத்தொரு வருஷமாகப் பார்த்த நெற்றி,
இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

காலணி நாடா அவிழ்ந்து கிடக்கிறது.
ஏரிக்கரைப் படியில்
பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவள் போல
நிமிர்ந்தே இருக்கிறேன்.
உள்ளே சுடுகல்லில் தண்ணீர் சீறுகிறது.

புருவ நடுவில் எறும்பு கடித்தாற்போல் இரண்டு தடிப்பு.
கோடு இன்னும் அங்கேதான்;
போக ஒரு வாரம் ஆகுமாம்.
என்ன கோபம் என்று
தபால் கவுன்டரில் எத்தனை பேர் கேட்டார்கள்!
கோபமில்லை ஐயா, எழுத்து சிறியது.

ஆவி பறக்க வெளியே வருகிறான்,
இடுப்பில் துண்டு, வெந்த பீட்ரூட் நிறம்.
பக்கத்தில் உட்கார்ந்து
கட்டைவிரலை நீட்டுகிறான்
புருவ நடுவை நீவிவிட,
தினமும் செய்வதுதான்,
நான்தான் கணக்கில் வைக்கவில்லை.

சட்டென்று பின்வாங்குகிறேன்.
விரல் அந்தரத்தில் நிற்கிறது.

"வலிக்குதா?"
சளிக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பதில் வருமுன்பே குனிகிறான்,
நாடாவைப் பிடித்து
இரட்டை முடிச்சு போடுகிறான்.
அவன் வழுக்கையிலிருந்து
ஏரிப்பக்கம் போகிறது ஆவி.

மணி ஆறு இருபது.