மதியழகனுக்குப் பதிலாக

பாறைமேல் ஏறி நின்றால்தான் அவருக்கு சிக்னல்.
எனக்கு வெட்டாற்று மதகின்மேல்.
ஓடிபி எண் ஆறையும் அவர் அங்கே கத்த
நான் இங்கே தட்ட
முப்பது நொடிக்குள் கதவு திறக்கும்:
வணக்கம், நாயக் மதியழகன்.

வணக்கம் என்பேன்,
நைட்டிமேல் துண்டு போட்ட நாயக்.

பதினாலு பாடம். மார்கழிக்குள் முடிக்காவிட்டால்
ஹவில்தார் பட்டியலில் பெயர் ஏறாது.
அவர் காவல் நிற்கிற உயரத்தில்
படம் சுற்றிக்கொண்டே இருக்குமாம், ஓடாதாம்.
"நீதான் பி.எஸ்சி. ஆச்சே" என்றார்.
விலங்கியல், மன்னார்குடி, அறுபத்திரண்டு சதவீதம்.
மண்புழுவை அறுத்துப் பார்த்தது தவிர
நான் எந்தப் போருக்கும் போனதில்லை.

முதல் பாடம் வரைபடம் படிப்பது.
சமஉயரக் கோடுகள் நெருங்கினால் அங்கே செங்குத்து.
எங்கள் பக்கம் அந்தக் கோடே விழாது;
கொரடாச்சேரியிலிருந்து கடல்வரைக்கும்
எந்தப் பக்கம் வடிவதென்று
தண்ணீருக்கே குழப்பம்.
இருந்தும் இருபதுக்கு இருபது.

காணொளியைத் தாண்டிப் போக முடியாது.
'அடுத்து' என்கிற பொத்தான் சாம்பலாய்க் கிடக்கும்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி எழும்:
இன்னும் இருக்கிறீர்களா?
அமுக்காவிட்டால் முதலிலிருந்து.

இருக்கிறேன், சேற்றுக்கையைத் துடைத்துக்கொண்டு.
இருக்கிறேன், களையெடுக்க வந்த ஆறு பேருக்கும் டீ ஊற்றிவிட்டு.
இருக்கிறேன், ஃபோனைப் பாலித்தீன் பையிலிட்டு
யூரியா சாக்கை முக்காடாய்ப் போட்டு,
கார்த்திகை மழை காதில் அறைய.
ஒருமுறை சின்னவள் அமுக்கினாள்.
ராணுவம் ஏற்றுக்கொண்டது.

பதினோராவது:
'உயிரிழப்பைக் குடும்பத்தாருக்குத் தெரிவித்தல்'.
பதினெட்டு நிமிஷம்.
கஞ்சி மொடமொடக்கும் அதிகாரி அழைப்புமணி அடிக்கிறார்.
திரைச்சீலை போட்ட நல்ல வீடு.
கதவைத் திறக்கிறாள் ஒருத்தி.

வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள்.
முதலில் உட்காரச் சொல்லுங்கள்.
பக்கத்தில் இன்னொரு பெண் இருக்கட்டும்.
பெயரைத் தவறின்றி உச்சரியுங்கள்.
'ஒருவேளை' என்ற சொல் கூடாது.

தேர்வுக்காக நோட்டில் எழுதிக்கொண்டேன்.
மதகின் கண்ணில் வெங்காயத்தாமரை வந்து மோதி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது.
பெட்டி எழுந்தது.
இன்னும் இருக்கிறீர்களா?

விரல் போய்ச்சேரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மறுபடி முதலிலிருந்து: மணி, திரைச்சீலை, கதவு.
இந்தத் தடவை அவள் காலைப் பார்த்தேன்.
வீட்டுச் செருப்பில் ஒன்றைத்தான் போட்டிருந்தாள்.
நடிக்க வந்தவள்தான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

பதினேழாவது கேள்வி.
செய்தி சொன்னபின் எவ்வளவு நேரம் அங்கே இருக்க வேண்டும்?
அ. ஐந்து நிமிடம்.
ஆ. படிவத்தில் கையெழுத்து வாங்கும்வரை.
இ. உறவினர் வந்துசேரும்வரை.
ஈ. அந்தப் பெண் போகச் சொல்லும்வரை.
'இ' என்பது தெரியும், அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.
'ஈ'யைத் தொட்டேன்.

தை பிறந்து சான்றிதழ் வந்தது.
கலர் பிரிண்ட் இருபது ரூபாய்.
"எல்லாத்துலயும் இருபது,
அது ஒண்ணுல மட்டும் பத்தொம்போது.
எதைத் தப்பாப் போட்ட?" என்றார் பாறைமேல் நின்று.
ஞாபகமில்லை என்றேன்.
"சரிங்க, ஹவில்தார் மேடம்" என்று சிரித்தார்.
பிறகு வெறும் காற்று இரைந்தது.

அறுப்பு முடிந்த வாரம்
கொள்முதல் நிலையத்துப் பையன் பைக்கில் வந்தான்.
கூட இன்னொருத்தன்.
"மொதல்ல உக்காருங்கக்கா" என்றான்.

உட்காரவில்லை.
எதுவானாலும் நின்னுகிட்டே சொல்லு என்று
நான் போட்ட சத்தத்தில்
எதிர்வீட்டு ராஜாமணி வெளியே வந்துவிட்டாள்.
அவளும் வந்ததில்தான் எனக்கு முட்டி நடுங்கியது.

"இல்லக்கா," பையன் பின்வாங்கினான்,
"ஈரப்பதம் பதினெட்டு காட்டுது.
இன்னும் ஒரு வெயில்
காயவெச்சுக் கொண்டாரணும்."