சிவப்புக் கொடிக்கு அளவு இல்லை

வாரத்தில் ஐந்து நாள் தாம்பெரேயில் ட்ராம் ஓட்டுகிறேன்.
வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
வண்டியை நிறுத்துவது என் பிழைப்பு.
இந்த வாரம் விடுப்பு எடுத்து
மணல்வாரியைப் பிடித்திருக்கிறேன்.
சம்பளம் கிடையாது.
ஒரு நீலச் சட்டை, ஒரு தொப்பி, மதியம் பட்டாணி சூப்.

இரவு ஒன்பது மணி. சூரியன் இன்னும்
மேற்குக் கூரைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.
பெண்கள் மும்முறைத் தாண்டல், இறுதிச் சுற்று.
குழியருகே நிற்பவளுக்கு முகங்கள் முக்கியமில்லை.
முழங்கால்தான் முதலில் தெரியும்.
நான் காதால் ஆளைப் பிரிப்பேன்.

தப். தப். தப்.
சிலருக்கு நடு அடி சப்பையாக விழும்,
அவசரத்தில் சொன்ன பொய் போல.
ச்செபோத்தாரிக்கு அப்படியில்லை.
வலது, வலது, இடது.
மூன்றுக்கும் ஒரே எடை,
கல்லாவில் சில்லறை எண்ணி வைப்பவளின் விரல் மாதிரி.

மொல்டோவாக்காரி. அவள் நாட்டிலிருந்து
இந்தப் போட்டிக்கு இவள் ஒருத்திதான்.
பயிற்சியாளர்கூட இரவல்;
இன்னொருத்தியையும் பார்த்துக்கொண்டு
கைதட்டலைப் பாதி பாதியாகப் பங்கிட்டார்.

ஐந்தாவது முயற்சி.
ஓட்டப்பாதையின் கோடியில் நின்று
தலைக்குமேல் கைதட்டினாள். கூட்டம் சேர்ந்துகொண்டது.
தாளத்துக்கு ஏது கடவுச்சீட்டு?

வந்தாள்.
தப்.
     தப்.
          தப்

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.
ஓர் உடம்பு மணலில் விழ ஆகும் நேரம்
எனக்கு மனப்பாடம்.
அந்த நேரம் வந்தது, போனது,
இவள் இன்னும் மேலே இருந்தாள்.

குழியின் ஓரச் சட்டத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும்.
காலையில் என் மணல்வாரி தட்டியது.
அன்று முழுக்க அதன் பக்கம் யாரும் வரவில்லை.
அவள் குதிகால் அதையும் தாண்டி
ஒரு கை அகலம் தள்ளிப் புதைந்தது.

எழுந்தாள். மணலைத் தட்டவில்லை.
பெர்த்துலா திரையைப் பார்த்தார்,
மறுபடி பார்த்தார்,
குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துகிறவர்போல்
மெதுவாகச் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.
காலணி நுனி. நான்கு மில்லிமீட்டர்.
ட்ராமில் நான் நான்கு மில்லிமீட்டர் தாண்டினால்
கேட்க நாதியில்லை.

வெள்ளைக் கொடி என்றால் கருவி அளக்கும்,
பலகையில் எண் ஒளிரும்.
சிவப்புக்கு அளவு இல்லை.
விதிப்படி அப்படி ஒன்று நடக்கவே இல்லை.
நடக்காததை அழிப்பது என் வேலை.

அடுத்தவள் காத்திருந்தாள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தப் பள்ளத்தின்மேல் மணலை இழுத்தேன்.
ஒருமுறை போதும், இரண்டுமுறை இழுத்தேன்,
திருடியதைப் புதைப்பவள் மாதிரி.

ஆறாவதில் அவள் கால்கள் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு சென்டிமீட்டரில் வெண்கலம் வேறு கழுத்துக்குப் போனது.

பாதி விளக்கு அணைந்தபின் திரும்பி வந்தாள்.
ஓட்டத்தின் தொடக்கத்துக்கு அடையாளமாக ஒட்டிய
மஞ்சள் நாடாவை உரித்து எடுக்கத்தான்.
உரித்தாள். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினாள்.
குழியருகே வந்து நின்றாள்.
அவள் மொழி எனக்கு வராது.
என் மொழி எங்களைத் தவிர யாருக்கு வரும்?
விரலால் மணலைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

எங்கே?

மணல்வாரியைத் தலைகீழாகப் பிடித்துக்
கம்பு நுனியால் கிழித்தேன் ஒரு கோடு,
சில்லிலிருந்து ஒரு கை அகலத்தில்.

குந்தினாள். கோட்டைப் பார்த்தாள்,
பதினொரு மீட்டருக்கு அப்பால் கிடந்த பலகையைப் பார்த்தாள்.
உள்ளங்கையால் என் கோட்டை அழித்தாள்.
ஒரு விரல்கடை அந்தப் பக்கம்
தானே ஒன்று போட்டாள்.
அப்புறம் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
வெளியே அவள் பேருந்து ஹாரன் அடித்தது.

காலையில் ஆண்களின் நீளத் தாண்டல்.
ஆறரை மணிக்கு மேற்பார்வையாளர் வருவார்.
அதுவரைக்கும் இருக்கட்டும்.