டி வகை அட்டை

நகராட்சியில் என் மேசை மூன்றாவது.
ரொட்டி, பால், நிலக்கரி அட்டைகள் என் பொறுப்பு.
இறப்பும் திருமணமும் அடுத்த மேசை.

நாற்பத்தேழு. போர் முடிந்து இரண்டு வருடம்.
ரொட்டி மட்டும் போர்க்காலத்தைவிட இளைத்திருந்தது.
கிழவர்களுக்கு ஓர் எழுத்து, குழந்தைகளுக்கு ஓர் எழுத்து,
உடல் நோக உழைப்பவர்களுக்கு டி.
டி என்றால் ஒரு துண்டு கூடுதல்.

பாரிஸிலிருந்து பட்டியல் வந்தது:
காட்டுக்குள் மரவீடுகளில் குடியேறப்போகும்
ஜெர்மானியப் பொறியாளர்கள் முப்பத்தொரு பேர்.
அனைவரும் டி.

என் தம்பி அன்செல்ம்
மலையைக் குடைந்த அவர்களுடைய சுரங்கத்தில்
பதினான்கு மாதம் ராக்கெட் குழாய்களைப் பற்றவைத்தவன்.
அங்கே அவனுக்கு எழுத்து இல்லை; எண்.
எண்ணுக்கு ஒரு கரண்டி சூப்.
திரும்பி வந்த அன்று
மாவு மில் தராசில் ஏறி நின்றான்.
முப்பத்தெட்டு கிலோ.
மில்காரர் கல்லை எடுத்து எடுத்து வைத்தார்
தராசுதான் பொய் சொல்கிறது என்பதுபோல.

பேனாவில் மை இருந்தது. டி என்று முப்பத்தொரு முறை எழுதினேன்.

துணை மேயர் பெர்த்தெல்மோ சொன்னார்:
"நாம் எடுக்காவிட்டால் அமெரிக்கன் எடுப்பான்.
அவன் விட்டதை ரஷ்யன் எடுப்பான்.
அறிவுக்கு ஏது குற்றம்?"
சொல்லிவிட்டு சன்னலைச் சாத்தினார்,
குளிரே இல்லாத நாளில்.
அவர் மாட்டுச் சந்தையில் பெரிய கை.
பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார்,
இதற்குமுன் யாரை முட்டியது என்று
கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் அன்செல்மும் காட்டுக்குப் போனான்.
பழிவாங்க அல்ல, வேலைக்கு.
சம்பளம் தரும் வாசல் ஊரில் அது ஒன்றுதான்.
அவன் கைக்குத் தெரிந்ததும்
அவர்களுக்கு வேண்டியதும் ஒரே தொழில்.

முதல் வாரம் டாக்டர் ஹார்ட்வெக்
வரிசையாகப் பார்வையிட்டு வந்தார்.
அன்செல்மின் முகத்தைத் தாண்டிப் போனவர்
அவன் பற்றவைத்த தையலிடம் நின்றார்.
விரலால் தடவினார்.
மீன் செதில்போல் சாய்ந்து சாய்ந்து போகும் வரிகள்,
முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி.
முகத்தை மறந்தவர்
கையெழுத்தை மறக்கவில்லை.

சுரங்கத்தில் அந்தத் தையல்களைத்தான்
உள்ளே பொத்தலாக விட்டு
மேலே அழகாக மூடுவான் அன்செல்ம்.
அவனைப்போல் இன்னும் பலர்.
அப்படி ஒன்று அகப்பட்ட நாளில்
பாரந்தூக்கியில் ஆறு பேரைத் தொங்கவிட்டார்கள்.
கண்டுபிடித்த விரல் யாருடையது என்று
அவன் சொன்னதில்லை.
நான் கேட்டதில்லை.

"நல்ல வேலை" என்றாராம் ஹார்ட்வெக், பிரெஞ்சில், கவனமாக.
சற்றுப் பொறுத்து,
"உள்ளேயும் நல்லதுதானா?"

"அறுத்துப் பாருங்கள்."

அறுத்தார்கள்.
ஒரு குமிழி இல்லை, ஒரு மயிரிழை விரிசல் இல்லை.
அதை என்னிடம் சொல்லும்போதுதான் அழுதான்,
வந்ததிலிருந்து முதல் முறையாக:
"ஏன் இவ்வளவு நன்றாகச் செய்தேன், ஒடெட்?"

டிசம்பரில் ஹார்ட்வெக்கின் மனைவி வந்தாள்.
கைக்குழந்தை. காதில் சீழ், நீலம் பாய்ந்த உதடு.
பால் அட்டைக்கு நான் தயங்கவில்லை.
பால் பாலுக்குத்தான்.
பேனா நின்றது அடுத்த கட்டத்தில்:
தந்தையின் தொழில்.
பொறியாளர் என்று எழுதினால் பொய் இல்லை.
பொய் இல்லாத வேறு சொற்களும் எனக்குத் தெரியும்.
கட்டமோ கட்டைவிரல் அகலம்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
குழந்தை என் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுதினேன். முத்திரையை அழுத்தினேன்.
குடியரசுப் பெண்ணின் முகம்
மூக்கில்லாமல் விழுந்தது.
இன்னொரு முறை அழுத்தினேன்.

இப்போது அன்செல்மும் டி.
அந்தக் கூடுதல் துண்டை இரவில் கடைசியாக எடுப்பான்.
உடனே தின்பதில்லை.
நடுவில் பிட்டு
விளக்கருகே பிடித்து
உள்ளே பார்ப்பான்.