பத்து நானோமீட்டர்

காரைக்குடி, பிற்பகல் மூன்று.
அமுக்கும் கருவியின் தட்டில்
கரிக்குழாய்க் காடு, ஒரு மிளகளவு.

பூச்சில்லாதது அமுங்கியது,
அமுங்கியபடியே கிடந்தது.
ஐம்பது நானோமீட்டர் அலுமினா போர்த்தியது
முதலில் அசையவே இல்லை.
பிறகு அப்பளம்.
சத்தம் கேட்கவில்லை, திரையில் கோடு மட்டும்
சட்டென்று விழுந்தது.

"உங்க ஊர்ச் சுவருக்கு முட்டைவெள்ளை பூசுவாங்களே, அதுமாதிரியா?"
கணக்குப் பார்க்க வந்தவர் கேட்டார்.
"சுவர் திரும்ப எழ வேண்டியதில்லை சார்"
என்றாள் உமையாள்.

பத்தை வைத்தாள்.
பாதி உயரத்துக்கு நசுங்கியபோது
கரண்ட் போனது.
நாற்பது நிமிடம்
தட்டு அதன்மேலேயே நின்றது.
அவளும் நின்றாள், டீ ஆற.

விளக்கு வந்தது. தட்டு ஏறியது.
கூடவே அதுவும்,
தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

வராத எட்டை
நோட்டில் எழுதி
இரண்டுமுறை அடிக்கோடிட்டாள்.