தேரோட்டத்தன்று போட்ட டிக்

ஏழு மணிக்கு முன்னால்
தச்சநல்லூர் பைபாஸில் வெயில் ஒரு பக்கம்தான் விழும்.
ஒரு கை பஞ்சுக் கழிவை எடுத்துக்கொண்டு
கம்பிக்கயிற்றைத் தடவிக்கொண்டே போவேன்.
கண் ஏமாறும்.
கிரீஸ் பூசியிருந்தால் நன்றாகவே ஏமாறும்.
பஞ்சு அப்படியில்லை.
அறுந்த இழை எங்கே நிமிர்ந்திருக்கிறதோ
அங்கே ஒரு நூலை விட்டுவிட்டு வரும்,
உடைமுள்ளில் சிக்கிய ஆட்டு ரோமம் மாதிரி.

இன்று பதினொரு நூல்,
ஒரே முறுக்கின் நீளத்துக்குள்.
பத்து என்றாலே கழற்றிப் போடவேண்டிய கயிறு.

நோட்டைப் பிரித்தேன்.
கொக்கி, கயிறு, பிரேக், லிமிட் சுவிட்ச்.
நாளொன்றுக்கு நான்கு கட்டம், நான்கு டிக்.
தங்கச்சி பிரசவத்துக்கு நான்
நாசரேத் போயிருந்த ஒன்பது நாளும்
ஒரே மையில், ஒரே சாய்வில்,
ஒரே உட்காரலில் போட்டது.
ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டமே லீவு.
சைட் கேட்டில் பூட்டு.
வாட்ச்மேன் முப்பிடாதிகூட ரதவீதியில்தான் நின்றார்.
அன்றைக்கும் கயிறு நன்று,
கொக்கி நன்று.

ரதவீதியில் வடம் அறுந்தால்
இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்து விழுவார்கள்,
எழுந்து வேட்டியைத் தட்டிச் சிரிப்பார்கள்.
வேறு வடம் வரும்வரை
தேர் நின்ற இடத்தில் நிற்கும்.
இங்கே பாரம் நிற்கத் தரை ஒன்றுதான்.
அது வந்து சேர்வதற்குள் குறுக்கே நாலு பேர்
சாந்துச் சட்டியோடு நடந்துகொண்டிருப்பார்கள்.

"எம்மா ஜெபசெல்வி,
கலவை லாரி கங்கைகொண்டானத் தாண்டிட்டு.
வந்து நின்னு இறுகிட்டுன்னா
நீயா ரூவா தருவ?"
ஆவுடையப்பன் கெட்டவரில்லை.
லாரிக்குள் உருளுகிற கலவை
அவர் வயிற்றிலும் உருளுகிறது.
"எறநூறு இழை இருக்கும்லா.
பதினொண்ணு போனா என்னங்கேன்?"
"வெளிய தெரியது பதினொண்ணு, அண்ணாச்சி."

இதற்குமேல் நான் சொல்லவில்லை.
இந்தக் கயிறு எனக்குத் தெரிந்த கயிறு.
சித்திரையில் நானே கழித்து
கண்ணில் சிவப்பு பெயிண்ட் அடித்து
பழைய இரும்போடு ஒதுக்கியது.
யாரோ மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.
முறுக்கின் இடுக்கில் கொஞ்சம் சிவப்பு
போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

நானும் யோக்கியமில்லை.
வள்ளியூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம்.
மழை இறங்கப்போகிறது என்று
கீழே நின்றே கையெழுத்துப் போட்டேன்.
இடைஞ்சலாக இருக்கிறதென்று
கொக்கியின் நாக்கை யாரோ
கட்டுக்கம்பியால் மடக்கிக் கட்டியிருந்தது
பாரம் மேலே போனபிறகு தெரிந்தது.
ஒரு கட்டு கம்பி நழுவி
சுக்லாலின் செருப்புமேல் விழுந்தது.
செருப்பில் கால் இல்லை.
தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.
மறுநாள் வந்து
புதுச் செருப்புக்கு நூற்றெண்பது ரூபாய் கேட்டான்.
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பெயிண்ட் துடைபடும்.
கேஸ் கட்டரைக் கொண்டுவரச் சொன்னேன்.
நீலத் தீயில் இழைகள் சிவந்து
ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.
மூன்று துண்டு.
எதையும் எதோடும் இனிக் கட்ட முடியாது.
கேட்டில் லாரி ஹாரன் அடித்தது.
ஆவுடையப்பன் போனில் யாரையோ வைதுகொண்டே
கலவையைத் தரைத்தளத்துக்குத் திருப்பிவிட்டார்.
வண்ணார்பேட்டையிலிருந்து புதுக்கயிறு வர
மணி பத்தேகால்.
என் முகத்தைப் பார்க்காமலே டீ அனுப்பினார்.
சர்க்கரை இல்லை.

நோட்டில் தேரோட்டத்தன்று போட்ட
நான்கு டிக்கையும் அடித்து
பக்கத்தில் எழுதினேன்: அன்று பூட்டு.
இன்றைய கட்டத்தில் எழுத
கையில் குத்திய ஒரு கம்பிச்சிலும்பை
முதலில் பிடுங்கவேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு முதல் பாரம் ஏறியது.
விசிலை வாயில் வைத்துக்கொண்டு
சுக்லால் கை காட்டுகிறான்.
நீல வார்ச் செருப்பு.
எத்தனை தடவை சொன்னாலும்
பாரம் போகிற வழியில்தான் கழற்றிப் போடுகிறான்.
காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு
நிமிர்ந்து பார்த்தேன்.