எழுத்து இல்லாத டிரைவ்

காசிமேட்டிலிருந்து ஈரக் காலோடு வந்த எல்லப்பன்
சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஒரு தீப்பெட்டி.
தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் மெமரி கார்டு.
"போட்டு ஜிபிஎஸ்ல போடறது.
உள்ள இருநூத்திப் பன்னெண்டு பாயின்ட் கீது.
பாலத்தாண்ட கடையில காட்டினேன்,
செத்துப்போச்சுன்றான்."

தண்டையார்பேட்டையில் என் கடைக்கு
எல்லாமே செத்துத்தான் வரும்.
நாடி பார்க்காமல் நான் நம்புவதில்லை.

ஓரத்துப் பூட்டு திறந்துதான் இருக்கிறது.
சொருகினேன். கம்ப்யூட்டர் ஏனென்று கேட்கவில்லை.
எடுத்தேன், ஊதினேன்
(ஊதக் கூடாது, தெரியும்,
கை தோற்றால் வாய் சும்மா இருக்காது),
மறுபடி சொருகினேன்.

அப்புறம் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்:
வேறொரு கார்டு.
கொருக்குப்பேட்டைச் சீமந்தப் படங்கள் உள்ளது,
போன வாரம் நானே பார்த்தது, நல்ல கார்டு.
அதையும் படிக்கவில்லை.
"குத்தம் உங்க கார்டு மேல இல்ல" என்றேன்.
அதுவரை நின்றிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் போட்டேன்.
எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிக்குக்
கடை ஒரு முறை நடுங்கி அடங்கியது.
ஒன்றுமில்லை.
மூடியைக் கழற்றி, ரீடரை வெளியே இழுத்து
லென்ஸில் பார்த்தால்
ஒன்பது பல்லில் நாலாவது பல் படுத்திருக்கிறது.
கரன்ட் வருகிற பல்.
யாரோ அவசரத்தில்
கார்டைத் தலைகீழாகத் தள்ளியிருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
சனிக்கிழமை, பவர் கட்டில், நான்தான்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

தையல் ஊசி. ஸ்பிரிட் தோய்த்த பட்ஸ்.
தட்டினால் உடையும், தடவினால் நிமிரும்.
மூச்சை எங்கோ வைத்துவிட்டுத் தடவினேன்.

டிங்.

சத்தம் வந்தது, ஆள் வரவில்லை.
டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய்த் தேடினால்
அடி வரிசையில் நிற்கிறது,
முழுசாக, நோய்நொடி இல்லாமல்,
முன்னால் ஓர் எழுத்து மட்டும் இல்லாமல்.
அது இல்லாததால்தான்
பாலத்துக் கடைக்காரன் பாடை கட்டியிருக்கிறான்.
எனக்குத் தெரியாதா இது?
முழங்கால் தண்ணீரில், என் வீட்டுக்குள் நின்றபடியே
"லிஸ்ட்ல உங்க வீடே இல்லம்மா" என்று கேட்டவள் நான்.

எஃப் காலியாக இருந்தது.
கொடுத்தேன்.

திறக்கப் போகையில் மவுஸ் மேல் அவர் கை.
"கண்ண மூடிக்கோ."
"மூடிக்கினு எப்படிண்ணா காப்பி எடுக்கறது?"
"மீன் கிடைக்கிற எடம்மா.
பொண்டாட்டிக்கே காட்டினதில்ல."
"எனக்கு நீச்சலே தெரியாது" என்றேன்.
யோசித்தார்.
தோளில் இருந்த துண்டை எடுத்துத்
திரை மேல் போட்டார், சவரக் கடையில் போடுவதுபோல.

துண்டின் ஓரத்தில் மூன்று வரி தப்பித் தெரிந்தது.
வலைகிழிச்சான் கல்லு.
சங்கரா 4.
தேசிங்கு.

"தேசிங்குன்னா என்ன மீனுண்ணா?"

துண்டை இன்னும் ஒரு விரல் கீழே இழுத்துவிட்டார்.
"அங்க வலை போடறதில்ல."

புது கார்டில் ஒரு பிரதி, பழையதில் ஒன்று.
என் மெஷினில் இருந்ததை
அவர் கண்ணெதிரே அழித்தேன்.
குப்பைத் தொட்டியையும் கொட்டச் சொன்னார், கொட்டினேன்.
"இருநூத்திப் பன்னெண்டும் வந்திச்சா?"
"வந்திடுச்சு."
"எண்ணினியா?"
"அதுவா எண்ணிக் காட்டுதுண்ணா."

இருநூறு கேட்டேன், நூற்றைம்பது தந்தார்.
இரண்டு தீப்பெட்டி, இரண்டு பை,
இடதில் ஒன்று, வலதில் ஒன்று.
ஒன்று நனைந்தாலும்.

அவர் தெரு திரும்பிய பின்
சீமந்தக் கார்டைச் சொருகிப் பார்த்தேன். படித்தது.
வளையல் அடுக்கிய கை, கன்னத்தில் சந்தனம்.
கறுப்பு மார்க்கரைத் தேடி எடுத்து
ரீடரின் வாய்க்கு மேலே ஓர் அம்பு போட்டேன்,
இந்தப் பக்கம் மேலே என்று,
எனக்கே.