பத்து மணிக் காட்சி, பிரான்சன்

ஓசார்க் மலையில் காலை பத்து மணிக்கே
அரங்குக்குள் ராத்திரி.
பல்லில் கரி பூசிய வெர்லின்
வாஷிங்டன்காரனை வைத்து அதே ஜோக்கைச் சொல்கிறான்.
பஸ்ஸில் வந்த கூட்டம் அதே இடத்தில் சிரிக்கிறது.

பிறகு கொடி இறங்கும்.
போருக்குப் போனவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.
ஒவ்வொரு தலைமேலும் ஒளிவட்டத்தை நிறுத்துவது என் வேலை;
மணிக்குப் பதினாலு டாலர்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழவில்லை.
தொப்பியில் வியட்நாம்.
மனைவி சட்டையை இழுக்க
அவர் பாப்கார்னில் உப்பைத் தேடுகிறார்.
"நகர்த்து, நகர்த்து" — காதுக்குள் டார்லா.
நகர்த்தவில்லை, ஒரு மூச்சு.

மத்தியானம் அவருடைய கார் கிளம்பவில்லை.
பேட்டரிக்குக் கேபிள் மாட்டினேன்.
பம்பரில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர்,
சிவப்போ நீலமோ, வெயில் தின்றது போக
நட்சத்திரம் மட்டும் மிச்சம்.

"நீதானா அந்த விளக்கு?" என்றார்.
"கண்ணு கூசிடுச்சு."